பர்மா உளுந்து, பாமாயில் டூட்டி: மளிகைச் சீட்டு எழுதும் முன் பார்க்க வேண்டியவை

இட்லிக்கு ஊற வைக்கிற உளுந்து எந்த ஊர்ச் சரக்கு என்று ராயபுரம், தண்டையார்பேட்டைப் பக்கம் மளிகைக் கடையில் கேட்டுப் பாருங்கள், பல கடைக்காரர்கள் யோசிக்காமல் பர்மா என்பார்கள். யாங்கோனிலிருந்து வரும் உளுந்துக்குச் சென்னைத் துறைமுகம்தான் பெரிய வாசல். மண்டியில் எஃப்.ஏ.கியூ. (சராசரித் தரம்), எஸ்.கியூ. (சிறப்புத் தரம்) என்று இரண்டு தரம் சொல்வார்கள், எஸ்.கியூ. கொஞ்சம் பருமன், விலையும் கூட. ரேஷனில் 25 ரூபாய்க்குத் தரும் பாமாயிலுக்கும் மூலம் இந்தோனேசியா, மலேசியாதான். அதனால் டெல்லியில் டூட்டி என்கிற சுங்க வரியை ஏற்றினால் இறக்கினால் நம் வீட்டு அடுப்பில் தெரியும். அதை முன்கூட்டியே பார்க்கப் பழகிக்கொள்ளலாம், பெரிய வித்தை ஒன்றும் இல்லை.

முதலில் டூட்டிக் கணக்கு. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயில், சோயா, சூரியகாந்தி எண்ணெய்க்கு அடிப்படை வரியை 20 சதவீதம் ஆக்கினார்கள். அதோடு விவசாய செஸ் 5, இரண்டையும் கூட்டி அதில் பத்தில் ஒரு பங்கு சர்சார்ஜ், ஆக 27.5. நூறு ரூபாய்க்கு இறங்குகிற எண்ணெய்க்கு வரி மட்டும் 27 ரூபாய் 50 காசு. அடுத்த மாதமே தீபாவளி, முறுக்கு சுட்டவர்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2025 மே கடைசியில் அடிப்படை வரி 10 ஆனது, மொத்தம் 16.5. நூற்றுக்கு 11 ரூபாய் மிச்சம்.

ஆனால் ஏறும்போது மறுநாளே ஏறுகிற விலை, இறங்கும்போது பழைய ஸ்டாக் என்று வாரக்கணக்கில் இழுக்கும். வரி குறைந்த செய்தி வந்தால் டின்னாக வாங்காமல் பாக்கெட்டாக வாங்கி ஓட்டுங்கள். பாக்கெட்டில் கிராமையும் பாருங்கள், ஒரு லிட்டர் என்றால் சுமார் 910 கிராம் இருக்கும், அதே அளவு மாதிரித் தெரிகிற 850, 800 கிராம் பாக்கெட்டுகளும் கடையில் தொங்குகின்றன. மத்திய நுகர்வோர் துறை தினமும் போடும் விலைப் பட்டியலில் சென்னைக்கும் விலை உண்டு. கடைக்காரர் சொல்வதை அதோடு ஒப்பிட்டால் போதும்.

இறக்குமதியில் லாபம் வீட்டு அடுப்புக்கு மட்டும் இல்லை, ஏற்றுமதி செய்பவருக்கும் உண்டு. அப்பளம் போடுபவருக்கு உளுந்து மூலப்பொருள், அது மலிவாகக் கிடைத்தால்தான் வெளிநாட்டு ஆர்டருக்குக் கட்டுப்படியாகும் விலை சொல்ல முடியும். முதலில் 500 ரூபாய் கட்டி ஐ.இ.சி. எண் (ஏற்றுமதி, இறக்குமதிக்கான அடையாள எண்) வாங்குங்கள், பிறகு டி.ஜி.எஃப்.டி. என்கிற மத்திய அரசின் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகத்தில் அட்வான்ஸ் ஆத்தரைசேஷன் என்கிற முன் அனுமதி பற்றி விசாரியுங்கள். ஏற்றுமதிக்கான மூலப்பொருளை டூட்டி இல்லாமல் இறக்கலாம், பொதுவாக 18 மாதத்துக்குள் சரக்கை அனுப்பிக் காட்ட வேண்டும். இறாலைப் பாருங்கள்: 2009-ல் வனாமி என்கிற வெளிநாட்டு வகையின் தாய் இறாலை இறக்க அனுமதி கொடுத்தார்கள், நீலாங்கரையில் தனிமைப்படுத்தி நோய் பார்த்த பிறகே குஞ்சு பொரிப்பகத்துக்குப் போகும், இன்று கடல் உணவு ஏற்றுமதியில் உறைந்த இறால்தான் முதலிடம்.

இன்னொன்று, யாரும் அதிகம் பேசுவதில்லை. எண்ணூர் ரோட்டில் வரிசை கட்டி நிற்கிற கண்டெய்னர் லாரிகளை எல்லோரும் திட்டுகிறோம். பருப்பு வந்து இறங்கிய பெட்டிதான் காலியாகி ஏற்றுமதிக்குத் திரும்புகிறது. உள்ளே வருவது குறைந்தால் காலிப் பெட்டி கிடைக்காது, வாடகை ஏறும்.

உழவருக்கு அடி இல்லையா என்றால், உண்டு. அறுவடை நேரத்தில் கப்பல் வந்து இறங்கினால் துவரை போட்டவருக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலைகூடத் தேறாது. அதற்கு அரசு நேரடியாகக் கொள்முதல் செய்வதுதான் சரி என்பேன், ஒரே இரவில் டூட்டியை மாற்றினால் கடலில் இருக்கும் சரக்குக்குப் பணம் கட்டியவரும் மாட்டுகிறார். துவரை, உளுந்துக்கு வரி விலக்கை மார்ச் 31 வரை என்று போட்டு வருடா வருடம் நீட்டிக்கொண்டு வந்திருக்கிறார்கள், அதனால் மார்ச் மாதம் மட்டும் செய்தியைப் பார்த்துவிட்டுப் பருப்பு மூட்டைக்குச் சொல்லுங்கள்.