மைனர் போட்ட கையெழுத்து செல்லுமா?

கோத்தகிரிப் பக்கம் அப்பா நோயில் படுத்துவிட, பச்சைத் தேயிலையை எடை போட்டு அனுப்பும் பதினேழு வயது மகன், இலை ஏஜெண்டிடம் நாற்பதாயிரம் ரூபாய் முன்பணம் வாங்கி, ரெவின்யூ ஸ்டாம்ப் மேல் கையெழுத்திட்டுப் புரோநோட்டு எழுதிக் கொடுத்துவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். ஏஜெண்ட் முதலில் பையனின் பிறப்புச் சான்றிதழை நோட்டிலுள்ள தேதியோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். 1875ஆம் ஆண்டு இந்திய வயது வந்தோர் சட்டப்படி 18ஆவது பிறந்தநாள் தொடங்கும்போதுதான் ஒருவர் மேஜர் ஆகிறார். அதற்கு முந்தின நாள் இரவு இட்டதும் மைனர் கையெழுத்தே.

நோட்டின் தேதி அந்தப் பிறந்தநாளுக்கு முந்தியிருந்தால் அந்த நோட்டை வைத்துப் பையன் மீது வழக்குப் போட்டுப் பயனில்லை. 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி ஒப்பந்தம் செய்துகொள்ளும் தகுதி மைனருக்கு இல்லை. அவ்வாறான ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று மொகரி பீபி வழக்கில் 1903இல், அன்றைய ஆங்கிலேயர் ஆட்சியின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் தீர்ப்பளித்தது. அந்த வழக்கில் வீட்டை அடமானம் வைத்தவர் மைனர் என்பது கடன் கொடுத்தவரின் வழக்கறிஞருக்கு முன்பே தெரிந்திருந்தது. கொடுத்த பணத்தைத் திருப்பித் தர உத்தரவிடவும் நீதிமன்றம் மறுத்துவிட்டது.

“பதினெட்டு ஆகட்டும், மறுபடி ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம்” என்று காத்திருப்பதும் வீண். செல்லாத கடனுக்குப் பின்னால் ஒப்புதல் தந்து உயிர் கொடுக்க முடியாது; புதிதாகப் பணம் கைமாறினால், அந்தப் பணத்துக்கு மட்டுமே புதிய நோட்டு நிற்கும். ஆகவே முன்பணம் கொடுக்கும் நாளிலேயே தாயை அழைத்து, அவர் பெயரிலேயே, அவரே திருப்பித் தரும் பொறுப்போடு எழுதி வாங்குவதுதான் சரியான வழி.

பையன் பக்கமும் ஓர் உரிமை உண்டு: இலையை அவன் கொடுத்துவிட்டிருந்தால், மைனர் என்று சொல்லி ஏஜெண்ட் விலையை நிறுத்திவைக்க முடியாது. ஊட்டிக் குளிருக்கு வாங்கிய ஸ்வெட்டர், மருந்து, விடுதிக் கட்டணம் போன்ற அவசியத் தேவைகளுக்குக் கடன் கொடுத்தவர் அதே ஒப்பந்தச் சட்டத்தின் 68ஆம் பிரிவின்படி மைனரின் சொத்திலிருந்து ஈடு கேட்கலாம். அவனைத் தனிப்பட்ட முறையில் பொறுப்பாக்க முடியாது. புது பைக்கை இந்தக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

நிலம் என்றால் கூடுதல் கவனம் வேண்டும். இந்து மைனர் பெயரில் தனியாக உள்ள தேயிலைத் தோட்டத்தைப் பெற்றோர் விற்கவோ அடமானம் வைக்கவோ, 1956ஆம் ஆண்டு இந்து மைனர் மற்றும் பாதுகாவலர் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி நீதிமன்ற அனுமதி பெற வேண்டும். அனுமதியின்றிக் கிரையம் வாங்கினால், மகன் மேஜராகி மூன்று ஆண்டுக்குள் வழக்குத் தொடுத்து அதை ரத்து செய்யக் கோரலாம்.