இஸ்தான்புல்லில் முதல் மூன்று நாள்: கிழமை பார்த்துச் சுற்றுங்கள், நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள்

செவ்வாய்க்கிழமை காலையில் தோப்காப்பி அரண்மனை வாசலில் நின்று பாருங்கள். பூட்டிய கதவைக் கண்டு திரும்பிப் போகிறவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். இஸ்தான்புல் பயணத் திட்டங்கள் சொதப்புவதற்கு முதல் காரணம் கிழமை. அதனால் விடுதியை முடிவு செய்யும் முன்பே நாட்காட்டியை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: மூடும் நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

தோப்காப்பிக்குச் செவ்வாய் விடுமுறை. தோல்மாபாச்சே அரண்மனைக்குத் திங்கள். கிராண்ட் பஜாருக்கு ஞாயிறு. வெள்ளிக்கிழமை மதியம் பெரிய மசூதிகளில் ஜும்மா தொழுகை நடக்கும். நீல மசூதிக்குள் சுற்றுலாப் பயணிகளைப் பிற்பகல் இரண்டரை மணிவாக்கில்தான் விடுவார்கள். மற்ற நாட்களிலும் ஒவ்வொரு தொழுகையை ஒட்டியும் பார்வையாளர்களை நிறுத்திவைப்பார்கள். தொழுகை நேரம் சூரியனைப் பொறுத்தது, மாதத்துக்கு மாதம் மாறும். போன வருடம் போனவர் சொன்ன நேரத்தை நம்ப வேண்டாம்; அன்றைய நேரத்தைக் கைபேசியில் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழைய நகரத்துக்கு புதனும் வியாழனும் வசதி.

படி 2: அட்டையும் பணமும்

டிராம், மெட்ரோ, பேருந்து, படகு எல்லாவற்றுக்கும் இஸ்தான்புல்கார்ட் என்ற ஒரே அட்டை போதும். நிலையங்களில் இருக்கும் இயந்திரத்திலேயே வாங்கிப் பணம் ஏற்றலாம். இயந்திரம் மீதிச் சில்லறை தராது என்று வைத்துக்கொண்டு சிறிய நோட்டாகப் போடுங்கள். பழைய நகரத்துக்கு டி1 டிராம் ஒன்றே போதும்: காராகோய், எமினோனு, சிர்கேஜி, குல்ஹானே, சுல்தானஹ்மத், பெயாசித் எல்லாம் வரிசையாக அதே பாதையில் வரும்.

விமான நிலையத்தில் அன்றைய செலவுக்கு மட்டும் பணம் மாற்றுங்கள். கிராண்ட் பஜாரைச் சுற்றியுள்ள நாணய மாற்றுக் கடைகளில் விலை பெரும்பாலும் நன்றாக இருக்கும். ஏடிஎம் "உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். சரி என்றால், அந்த ஏடிஎம் வங்கி தனக்குச் சாதகமான விலையைப் போட்டுவிடும்.

படி 3: முதல் நாள், சுல்தானஹ்மத்

தோப்காப்பி திறக்கும்போதே உள்ளே போய், நேராக ஹரேம் பகுதிக்கு, அதாவது சுல்தானின் குடும்பப் பெண்கள் வாழ்ந்த பகுதிக்கு, நடங்கள். அங்கே அறைகள் குறுகல். பத்தரை மணிக்கு மேல் குழுக்கள் நுழைந்தால் ஓடு வேலைப்பாட்டுக்குப் பதில் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பீர்கள். கருவூலம் அதற்குப் பிறகு. மொத்தம் மூன்று மணி நேரம் ஒதுக்குங்கள்.

மதிய வெயிலுக்குப் பசிலிக்கா நிலவறைத் தொட்டி. பைசாண்டியப் பேரரசர் ஜஸ்டினியன் காலத்து நீர்த்தேக்கம் இது; 336 தூண்கள். கடைக்கோடியில், கிரேக்கப் புராணத்தில் பாம்புக் கூந்தலோடு வரும் மெடூசாவின் இரண்டு கல் தலைகள் தூணுக்கு அடியில் கிடக்கின்றன, ஒன்று பக்கவாட்டில், மற்றது தலைகீழாக. தரை ஈரமாக இருக்கும், வழுக்கும் செருப்பு ஆகாது.

அடுத்து ஆயா சோஃபியா. 532இல் தொடங்கி 537இல் முடித்த தேவாலயம். பிறகு மசூதி, அருங்காட்சியகம் என்று மாறி, 2020 முதல் மீண்டும் மசூதி. 2024 ஜனவரியிலிருந்து வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தனி நுழைவாயில், மேல்மாடத்துக்கு மட்டும் அனுமதி. கட்டணம் 25 யூரோ என்று தொடங்கினார்கள். கீழ்த்தளத்தில் நடக்க முடியவில்லையே என்று சிலர் வருந்துவார்கள். ஆனால் இயேசுவும் மரியாளும் யோவானும் சேர்ந்திருக்கும் புகழ்பெற்ற மொசைக் மேலேதான் இருக்கிறது. எதிரே உள்ள நீல மசூதிக்குக் கட்டணம் இல்லை. பெண்கள் ஒரு துப்பட்டாவைப் பையிலேயே வைத்திருங்கள்; ஆண்களுக்கு முழங்கால் மறைய வேண்டும்.

படி 4: இரண்டாம் நாள், மேலிருந்து கீழே

பெயாசித்தில் இறங்கி சுலைமானியே மசூதியில் தொடங்குங்கள். கட்டடக் கலைஞர் சினான் 1557இல் முடித்தது. பின்புறத் தோட்டத்தில் நின்றால் பொற்கொம்பு நீர்ப்பகுதி முழுதும் தெரியும். பிறகு கிராண்ட் பஜார், அங்கிருந்து மஹ்முத்பாஷா சரிவு வழியாக எமினோனு. இதே பாதையைத் தலைகீழாகப் போட்டவர்களுக்கு மூச்சு வாங்கும், எல்லாம் ஏற்றம்.

கீழே மசாலா பஜாருக்குப் பக்கத்தில் ருஸ்தம் பாஷா மசூதியைத் தவறவிடாதீர்கள். வாசல் தெரியாது, கடைகளுக்கு நடுவே ஒரு படிக்கட்டு மேலே போகும். உள்ளே சுவர் முழுக்க இஸ்னிக் ஓடுகள். நீல மசூதியில் அண்ணாந்து பார்க்க வேண்டியதை இங்கே கண்ணுக்கு நேராகப் பார்க்கலாம்.

படி 5: சாப்பாடு

மதியச் சாப்பாட்டுக்குத் தேட வேண்டிய பெயர்ப்பலகை "எஸ்னாஃப் லோகந்தாசி". கடைக்காரர்களும் வேலையாட்களும் சாப்பிடும் இடம். தட்டுகள் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாக இருக்கும், விரலால் காட்டினால் போதும். பன்னிரண்டு மணிக்குப் போங்கள். இரண்டுக்கு மேல் நல்லதெல்லாம் தீர்ந்து அடித்தட்டுதான் மிச்சம்.

சைவர்கள் நினைவில் வைக்க வேண்டிய சொல் "செய்தின்யாலி", ஆலிவ் எண்ணெயில் சமைத்தது. இந்த வகையில் பொதுவாக இறைச்சி சேர்ப்பதில்லை, ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள். வயிற்றைக் கீறி அடைத்த கத்தரிக்காய் இரண்டு வகை உண்டு, பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். "இமாம் பாயில்டி" வெங்காயமும் தக்காளியும் வைத்தது. "கார்னியாரிக்" கொத்துக்கறி வைத்தது. ஆவி பறந்தால் சந்தேகப்படுங்கள். பருப்பு சூப் சைவம் என்று நம்பிவிட வேண்டாம். எலும்பு ரசத்தில் காய்ச்சுவது வழக்கம். சோற்றுக்கும் கோழி ரசம் ஊற்றுவார்கள். "எத் சுயு வார் மி?" (இறைச்சி ரசம் உண்டா?) என்று கேளுங்கள். "வார்" என்றால் உண்டு, "யோக்" என்றால் இல்லை. மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கு: "தானா" மாடு, "குசு" ஆடு, "தாவுக்" கோழி. வெறும் "எத்" (இறைச்சி) என்று எழுதியிருந்தால் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.

காபிக்குச் சர்க்கரை காய்ச்சும்போதே போடுவார்கள், பிறகு கேட்டால் நடக்காது. சர்க்கரை இல்லாமல் "சாதே", நடுத்தரம் "ஓர்தா". வந்ததும் கலக்காதீர்கள், மண்டி அடியில் தங்கட்டும். கடைசி வாயைக் குடிக்கவும் வேண்டாம். தேநீரில் பால் கிடையாது. நம் நாக்குக்குக் கசந்தால் "ஆச்சிக்" என்று லேசாகக் கேட்கலாம்.

மீன் உணவகத்தில் விலை எடைக்கு இருக்கும். எடை போட்டு விலை சொன்ன பிறகு தலையாட்டுங்கள். எமினோனுவில் கலாட்டா பாலத்தடியில் விற்கும் மீன் ரொட்டியில் முள் இருக்கும், அவசரமாகக் கடிக்காதீர்கள். அரிசி அடைத்த சிப்பியைத் தெருவில் ஒவ்வொன்றாக நீட்டிக்கொண்டே இருப்பார்கள். எண்ணிக்கை உங்கள் கையில். ஆகஸ்ட் வெயிலில் தட்டில் காய்ந்து கிடந்தால் தாண்டிப் போங்கள். குளிர்காலமாக இருந்தால் வெஃபா பகுதியில் 1876 முதல் இருக்கும் கடையில் "போசா": புளித்த தானியக் கூழ், மேலே பட்டைத்தூளும் வறுத்த கொண்டைக்கடலையும். கூழ் குடித்துப் பழகியவருக்கு உடனே பிடித்துவிடும்.

படி 6: மூன்றாம் நாள், படகு

சுற்றுலாப் படகுக்குத் தனியாகப் பணம் கொடுக்கும் முன், எமினோனுவிலிருந்து ஆசியக் கரையில் உள்ள கடிக்கோய்க்குப் போகும் சாதாரணப் படகில் ஏறுங்கள். இருபது நிமிடத்துக்குச் சற்று மேல். போகும்போது வலப்புறம் வெளி இருக்கையில் உட்கார்ந்தால் தோப்காப்பியும் ஆயா சோஃபியாவும் வரிசையாக நகரும். திரும்பும்போது இடப்புறம், மாலைப் படகென்றால் சூரியன் மினாரத்துகளுக்குப் பின்னால் இறங்கும். கடிக்கோய் சந்தையில் ஊறுகாய்க் கடைகளுக்கும் மீன் கடைகளுக்கும் அரை நாள் ஒதுக்குங்கள்.

கடைசிப் படகு போய்விட்டால் மெட்ரோவில் ஒரு நிலையம் போய், மர்மராய் ரயிலில் கடலுக்கடியில் சிர்கேஜி வந்துவிடலாம். ஏறும்போது முழுத் தூரக் கட்டணத்தையும் அட்டையில் பிடித்துவிடும். இறங்கியதும் வாசலருகே இருக்கும் இயந்திரத்தில் அட்டையை வையுங்கள். போகாத தூரத்துக்கான பணம் அங்கேதான் திரும்ப வரும்.