சோனில ஒரு பிரிவு இன்னொரு பிரிவோட வியாபாரத்தை எப்படி தூக்கிவிடுதுன்னு நாமளே நோண்டி பாக்குறது எப்படி

மொதல்ல ஒரு கேள்வி. டீமன் ஸ்லேயர் அனிமேயை தயாரிக்கிற அனிப்ளெக்ஸ் சம்பாதிக்கிற காசு சோனி கணக்குல எந்த பிரிவுல போய் விழும்? சினிமா பிரிவுன்னுதான் நானும் ரொம்ப நாள் நெனச்சிட்டு இருந்தேன். கிடையாது, மியூசிக் பிரிவு. அனிப்ளெக்ஸ் வந்து ஜப்பான் சோனி மியூசிக்குக்கு கீழ இருக்குற கம்பெனி, அதனால அவங்க எடுக்குற அனிமே, அவங்க விடுற மொபைல் கேம் எல்லாமே பாட்டு கணக்குலதான் சேரும். அதே படத்தை வெளிநாட்டு தியேட்டருக்கு கொண்டு போற, ஆன்லைன்ல அனிமே காட்டுற சோனி கம்பெனி க்ரஞ்சிரோல் இருக்கே, அது சினிமா பிரிவு. படம் ஒண்ணு, கணக்கு ரெண்டு. இது தெரியாம ரிப்போர்ட்டை தொறந்தா, இந்த தடவை மியூசிக் ஏன் இப்படி ஏறியிருக்கு, எந்த பாடகர் புது ஆல்பம் விட்டாருன்னு தேடிட்டே இருப்போம்.

சினர்ஜி, அதாவது ஒரு பிரிவு இன்னொரு பிரிவை தூக்கிவிடுதுன்னு கம்பெனிக்காரங்க மேடையில சொல்றது வேற, காசுல தெரியறது வேற. ஷேர் வாங்குறவங்களோ ப்ராஜெக்ட் பண்ற எம்பிஏ பசங்களோ அந்த மேடைப்பேச்சை அப்படியே எடுத்துக்காம எங்கெங்க பாக்கணும்னு எனக்கு தெரிஞ்சதை சொல்றேன். சோனியை எடுத்ததுக்கு காரணம், கேம், பாட்டு, சினிமா, டிவி, கேமரா, கேமராவுக்குள்ள படம் பிடிக்கிற சிப்பான சென்சார்னு எல்லாம் ஒரே கூரைக்கு கீழ இருக்கு, நல்லா நடந்ததும் இருக்கு, கேவலமா சொதப்பினதும் இருக்கு.

ரிப்போர்ட் எங்கயும் காசு குடுத்து வாங்க வேணாம். சோனி வெப்சைட்ல முதலீட்டாளர்களுக்குன்னு ஒரு பக்கம் இருக்கு, மூணு மாசத்துக்கு ஒரு தடவை இங்கிலீஷ்லயே பிடிஎஃப் போடுவாங்க. நம்ம ஊரு மாதிரியே அவங்களுக்கும் ஏப்ரல்ல ஆரம்பிச்சு மார்ச்ல முடியற வருஷம்தான், அதனால மே மாசம் வர்றதுதான் முழு வருஷ கணக்கு. 2025 மார்ச்ல முடிஞ்ச வருஷத்துல மொத்த விற்பனை கிட்டத்தட்ட 13 லட்சம் கோடி யென், அதுல மூணுல ஒரு பங்குக்கு மேல கேம் பிரிவு மட்டுமே. டிவி கம்பெனின்னு இன்னும் நெனச்சிட்டு இருக்குறவங்க இந்த ஒரு கணக்கை பாத்தாலே போதும். பழைய வருஷத்தோட ஒப்பிடும்போது ஒண்ணு மட்டும் கவனிங்க, இன்சூரன்ஸ் பேங்க் எல்லாம் சேந்த நிதி பிரிவை 2025 அக்டோபர்ல தனியா பிரிச்சு விட்டாச்சு, அது போனதுல மொத்தம் குறைஞ்சு தெரியும், வியாபாரம் விழுந்துடுச்சுன்னு பதறாதீங்க.

பிடிஎஃப்ல பிரிவு வாரியா ஒரு டேபிள் வரும். ஒவ்வொரு பிரிவுக்கும் கீழ கஸ்டமர்ஸ், இன்டர்செக்மென்ட், டோட்டல்னு மூணு வரி இருக்கும். நடு வரியை எல்லாரும் தாண்டி போயிடுவாங்க, நமக்கு வேண்டியதே அதுதான். அண்ணன் மளிகைக்கடை வச்சிருக்காரு, தம்பி மெஸ் நடத்துறாருன்னு வைங்க. அண்ணன் கடையில இருந்து தம்பி மெஸ்ஸுக்கு போற அரிசிக்கு பில்லு போட்டா அண்ணனுக்கு அது விற்பனை, ஆனா குடும்பத்துக்கு வெளியில இருந்து ஒரு பைசா வரல, மெஸ்ல சாப்பிட்டவன் காசு குடுத்தாத்தான் வரவு. அந்த அரிசி பில்லுதான் இன்டர்செக்மென்ட், மொத்தம் போடும்போது அதை கழிச்சிடுவாங்க. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னு சும்மாவா சொன்னாங்க. டேபிளுக்கு கீழ பொடி எழுத்துல எந்த பிரிவு முக்கியமா யாருக்கு விக்குதுன்னும் போட்டிருப்பாங்க, உதாரணத்துக்கு சென்சார் பிரிவு, கேமராவும் போனும் பண்ற பிரிவுக்கு விக்கிறது. டிஸ்க் அடிக்கிற தொழில் 'மற்றவை'ல இருக்கும், கேம் டிஸ்க்கும் சினிமா டிஸ்க்கும் பாட்டு சிடியும் அதே வீட்டு தொழிற்சாலையிலதான் அடிக்கிறாங்க.

ஆனா இந்த வரியில தெரியறது பாகம், பொருள், வேலைக்கு போட்ட பில்லு மட்டும்தான். நிஜமான தள்ளு இங்க தெரியாது. ஒரு பெட்டி வாங்கினதால ஜனங்க இன்னொண்ணை வாங்குறாங்கள்ல, அதுக்கு யாரும் பில்லு போடறதில்ல. அதை கண்டுபிடிக்க ரெண்டு பிரிவோட கதையை ஒரே வருஷத்துல பக்கத்துல பக்கத்துல வச்சு படிக்கணும்.

டிவிடிக்கு அடுத்து வந்த ப்ளூரே டிஸ்க்கோட கதையை வச்சு இதை பழகிக்கலாம், இதைவிட நல்ல பாடம் கிடைக்காது. 2006ல தனியா ப்ளூரே பிளேயர் வாங்கணும்னா அமெரிக்காவுல 999 டாலர். அதே வருஷம் நவம்பர்ல சோனியோட கேம் பெட்டி பிளேஸ்டேஷன் 3, அதாவது பிஎஸ் 3 வருது, உள்ளயே ப்ளூரே ட்ரைவ், விலை 499, பெரிய மாடல் 599. கேம் விளையாடாதவன் கூட பிளேயரா நெனச்சு வாங்கலாம்ங்கிற விலை. எதிர் பக்கம் ப்ளூரேக்கு போட்டியான டிஸ்க், தோஷிபாவோட எச்டி டிவிடி, அவங்க பிளேயர் விலை கம்மிதான், மைக்ரோசாஃப்டும் அவங்க பக்கம், ஆனா எக்ஸ்பாக்ஸ்ல அது தனியா 199 டாலர் குடுத்து மாட்டிக்கிற பெட்டி. தனியா வாங்கணும்னா எத்தனை பேர் வாங்குவான்? இங்க பெட்டியோட சேந்தே வந்துடுச்சு. அமெரிக்காவுல மொதல்ல வந்த லட்சக்கணக்கான பிஎஸ் 3 பெட்டிக்குள்ள சோனி பிக்சர்ஸ் படம் ஒண்ணோட ப்ளூரே டிஸ்க்கை இலவசமாவே போட்டு குடுத்தாங்க, வாங்கினவன் வீட்டுல போய் ஒரு தடவையாவது போட்டு பாப்பான்ல. 2008 ஜனவரில ஹாலிவுட் சினிமா கம்பெனி வார்னர் ப்ளூரே பக்கம் சாஞ்சாங்க, பிப்ரவரில தோஷிபா கடையை கட்டிட்டாங்க.

இப்ப கணக்கை பாருங்க. அந்த பிஎஸ் 3 வந்த நிதியாண்டுல கேம் பிரிவுக்கு நஷ்டம் 23,000 கோடி யென்னுக்கு மேல. பெட்டி செய்ய ஆன செலவுக்கும் கீழ விலை வச்சு வித்தாங்க. அடி வாங்கினது கேம் பிரிவு, டிஸ்க் வித்து, பிளேயர் வித்து லாபம் பாத்தது மத்த பிரிவுங்க. அந்த வருஷ கேம் பிரிவு கணக்கை மட்டும் பாத்தவன் இந்த தொழிலை மூடுங்கன்னுதான் சொல்லியிருப்பான். இன்னொரு பக்கம், இவ்ளோ அடி வாங்கி ஜெயிச்சு நிமிந்து பாத்தா நெட்ஃப்ளிக்ஸ் 2007லயே ஸ்ட்ரீமிங் ஆரம்பிச்சாச்சு, ஜனங்க டிஸ்க்கை விட்டே கிளம்ப ஆரம்பிச்சிட்டாங்க. அந்த நஷ்டத்துக்கு ஈடா டிஸ்க்குல லாபம் வந்துச்சான்னு என்னை கேட்டா, இல்லன்னுதான் சொல்வேன். கேம் பெட்டி வழியா டிஸ்க்கை வீட்டுக்குள்ள கொண்டு போற வேலையை சத்தமில்லாம நல்லா செஞ்சது பிஎஸ் 2, 2000 மார்ச்ல ஜப்பான்ல 39,800 யென்னுக்கு டிவிடியும் போடுற பெட்டியா வந்து வீடு வீடா டிவிடியை நுழைச்சு விட்டுச்சு.

இதுக்கெல்லாம் மூலம் 1975ல வந்த பீட்டாமேக்ஸ்ங்கிற சோனி வீடியோ கேசட். பெட்டி நல்ல பெட்டி, ஆனா போட்டி கேசட்டான விஎச்எஸ் கிட்ட தோத்தாங்க, கேசட்ல போட படம் கையில இல்லாம போனதும் ஒரு காரணம்னு அவங்க மனசுல ஒரு புண்ணு. அதுக்கு நேர் எதிரா சிடி, 1982 அக்டோபர்ல 1,68,000 யென்னுக்கு மொத சிடி பிளேயரை விட்டாங்க, அன்னிக்கே கடையில சிடியும் இருந்துச்சு, ஏன்னா அமெரிக்க கம்பெனி சிபிஎஸ்ஸோட கூட்டு சேந்து 1968லயே ஆரம்பிச்ச ரெக்கார்டு கம்பெனி கையில இருந்துச்சு. இந்த ருசிலதான் 1988ல சிபிஎஸ் ரெக்கார்ட்ஸை 200 கோடி டாலருக்கும், அடுத்த வருஷம் கொலம்பியா பிக்சர்ஸை 340 கோடி டாலருக்கும் வாங்கினாங்க. பாட்டு சோறு போட்டுச்சு. சினிமாவுல 1994ல 270 கோடி டாலரை மதிப்பு இல்லன்னு தள்ளுபடி எழுத வேண்டியதா போச்சு. ரெண்டு கம்பெனியை பக்கத்துல வச்சா தானா குட்டி போடும்னு யாராவது சொன்னா இந்த தொகையை ஞாபகம் வச்சுக்கங்க.

அடுத்து பாக்க வேண்டியது, அந்த பிரிவோட சரக்கை வெளி ஆளு காசு குடுத்து வாங்குறானா. என்னை பொறுத்தவரை இதுதான் உரைகல். சோனி சென்சாரை எடுங்க. 2022 டிசம்பர்ல ஆப்பிள் டிம் குக் ஜப்பான்ல குமமோட்டோ தொழிற்சாலைக்கே போய், பத்து வருஷத்துக்கு மேல ஐபோன் கேமராவுக்கு சென்சார் சோனிதான்னு பப்ளிக்கா சொன்னாரு. கேமராவுல நேருக்கு நேர் போட்டி போடுற நிக்கானும் சோனி சென்சார் வாங்குறான். நல்ல சென்சாரை தன்னோட எக்ஸ்பீரியா போனுக்கு மட்டும் ஒதுக்கி வச்சிருந்தா அந்த போன் விக்கிற அளவுக்கு தொழிற்சாலை பாதி நாள் பூட்டிதான் கிடக்கும். வெளியில வித்து வர்ற காசுலதான் அடுத்த சென்சார் ஆராய்ச்சி நடக்குது, அந்த சென்சார் அப்புறம் சொந்த ஆல்ஃபா கேமராவுக்கும் வருது. ஆப்பிளுக்கு விக்கிறதால ஆல்ஃபா வளருது, கேக்க விசித்திரமா இருக்கும், ஆனா இதுதான் ஆரோக்கியமான வகை. சாம்சங்லயும் இதே மாதிரி பாக்கலாம், ஐபோனுக்கு ஸ்க்ரீன் குடுக்குறவங்கள்ல முக்கியமானது அவங்க டிஸ்ப்ளே கம்பெனிதான், அதே சமயம் கேலக்ஸி எஸ் 25ல சொந்த எக்ஸினாஸ் சிப்பை விட்டுட்டு எல்லாத்துலயும் குவால்காம் போட்டாங்க. வீட்டு சரக்குன்னா கண்ணை மூடிட்டு வாங்கணும்னு இல்ல.

கண்ணை மூடிட்டு வாங்க வச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு உதாரணம் மெமரி ஸ்டிக், சோனியோட சொந்த மெமரி கார்டு. 1998ல வந்துச்சு, சோனியோட கேமரா, லேப்டாப், போன், கையில வச்சு விளையாடுற பிஎஸ்பி எல்லாத்துலயும் அதை சொருகத்தான் ஓட்டை. ஊரெல்லாம் எஸ்டி கார்டு பக்கம் போயாச்சு, 2010லதான் சோனி தன் கேமராவுல எஸ்டி கார்டை ஏத்துக்கிச்சு. அதைவிட வலி வாக்மேன். 1979ல வாக்மேன் கண்டுபிடிச்சவன், உலகத்துல பெரிய பாட்டு கம்பெனில ஒண்ணை கையில வச்சிருக்கவன், ஐபாடை அவன்தானே செஞ்சிருக்கணும்? பாட்டு பிரிவுக்கு திருட்டு காப்பி பயம், கருவி பிரிவு அதுக்கு தலையாட்டுச்சு, மெமரில ஓடுற வாக்மேன்ல எம்பி3 ஃபைலை நேரா போட முடியாது, ஏட்ராக்குன்னு அவங்க ஃபார்மேட்டுக்கு மாத்தித்தான் ஏத்தணும். 2003ல ஆப்பிள் ஐட்யூன்ஸ் கடையை தொறந்தப்போ அதுல சோனி மியூசிக் பாட்டும் இருந்துச்சு. பங்காளி சண்டையில பக்கத்து வீட்டுக்காரன் அறுவடை பண்ணிட்டான். சோனி தலைமைக்கு 2005ல வந்த ஸ்ட்ரிங்கரும் 2012ல வந்த ஹிராயும் எல்லாரும் ஒண்ணா இருங்கப்பான்னு தொண்டை தண்ணி வத்த பேசினது இந்த சண்டையை மனசுல வச்சுத்தான்.

கதை வழியா வர்ற தள்ளு இப்ப ஜாஸ்தி. த லாஸ்ட் ஆஃப் அஸ் 2013ல பிஎஸ் 3க்கு வந்த கேம், 2022 செப்டம்பர்ல பிஎஸ் 5க்கு புதுசா செஞ்சு விட்டாங்க, 2023 ஜனவரில டிவி தொடர் ஆரம்பிச்சுது, தொடர் ஓடின வாரங்கள்ல கேம் திரும்ப விற்பனை பட்டியல்ல மேல ஏறுச்சு. ஓடினது சோனி சேனல்ல இல்ல, எச்பிஓங்கிற வேற கம்பெனி சேனல்ல. சோனி டெலிவிஷன் பிரிவு தயாரிப்பு காசை அவன்கிட்டயே வாங்கிட்டு தன் கேமுக்கு விளம்பரமும் பண்ணிக்கிச்சு. ரிப்போர்ட்ல தேடும்போது மூணு தேதியையும் எழுதி வச்சுக்கங்க, கேம் வந்த தேதி, தொடர் வந்த தேதி, எந்த காலாண்டு கணக்கு. அனிமேவுக்கும் அதே வழி. 2021ல 117.5 கோடி டாலர் குடுத்து க்ரஞ்சிரோலை வாங்கினாங்க, அனிப்ளெக்ஸ் எடுக்குது, டைட்டில் பாட்டு சோனி மியூசிக் பாடகர், க்ரஞ்சிரோல் ஊர் ஊரா கொண்டு போகுது. 2025 செப்டம்பர்ல டீமன் ஸ்லேயர் படம் நம்ம ஊரு தியேட்டர்ல தமிழ் பேசினது இந்த சங்கிலி வழியாத்தான்.

பேர் ஒண்ணா இருக்கேன்னு ஏமாறவும் கூடாது. ஸ்பைடர்மேன் சினிமா உரிமை சோனி பிக்சர்ஸ் கிட்ட, பிளேஸ்டேஷன்ல 2018ல ஸ்பைடர்மேன் கேம் பயங்கர ஹிட்டு, அப்ப ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு குடுத்துக்கிச்சுன்னு எழுதுறவங்க நிறைய. அந்த கேமுக்கு உரிமை மார்வெல் கிட்ட தனியா வாங்கினது, செஞ்ச இன்சோம்னியாக் கம்பெனியை சோனி வாங்கினதே 2019ல. ஆனா ஒரிஜினல் பிஎஸ் 3 மேல இருந்த எழுத்து மட்டும் நிஜமாவே ஸ்பைடர்மேன் 3 பட எழுத்துதான், அதுல என்ன லாபம்னு கேக்காதீங்க.

கடைசியா ஒரு ஷோரூமுக்கு போய் நில்லுங்க, இது ரிப்போர்ட்ல கிடைக்காது. நான் கொஞ்ச காலம் டிவி செக்‌ஷன்ல நின்னிருக்கேன். பிஎஸ் 5 வாங்க வந்தவர்கிட்ட சோனியோட பிராவியா டிவில மாட்டி காட்டினா, டிவி எந்த மாடல்னு பெட்டியே கண்டுபிடிச்சு வெளிச்சத்தையும் நிறத்தையும் தூக்கி காட்டுற எச்டிஆரை தானா செட் பண்ணிக்கும், கேம் போட்டா கேம் மோடு, படம் போட்டா படத்துக்கான மோடுன்னு டிவி தானா மாறிக்கும். பையன் இதையே பாத்துட்டு நிப்பான், அப்பா விலைச்சீட்டை பாத்துட்டு நிப்பாரு. பக்கத்துல வேற பிராண்டு டிவிலயும் 120 ஹெர்ட்ஸ்ல அதே கேம் அதே வேகத்துல ஓடும், விலையும் கம்மி. நான் பாத்த வரைக்கும் பத்து பேர்ல ஒரு மூணு பேரு பிராவியாவுக்கு போவாங்க, மீதி பேரு பெட்டியை மட்டும் தூக்கிட்டு பில்லிங் கவுண்டருக்கு நடந்துடுவாங்க.