ஒற்றைத் தலைவலி: ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கணக்குப் போடாதீர்கள்

பட்டினி கிடக்காதே, வெயிலில் அலையாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விட்டுவிடுவோம். கர்நாடகத்தில் நிமான்ஸ் (பெங்களூரின் மனநல, நரம்பியல் மருத்துவ நிறுவனம்) நடத்திய கணக்கெடுப்பில் 18 முதல் 65 வயதுக்காரர்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவருக்கு ஒற்றைத் தலைவலி இருந்தது. ஆகவே பெங்களூரில் சிகிச்சைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பஞ்சமில்லை. சறுக்குகிற இடங்கள்தான் மாறுவதே இல்லை.

‘பீரியட்ஸ் மாத்திரை’யைச் சொல்லாமல் விடுவது

எல்லாவற்றிலும் எரிச்சல் தருவது இதுதான். “கருத்தடை மாத்திரை எடுக்கிறீங்களா?” என்று மருத்துவர் கேட்பார். கல்யாணமாகாத பெண், பக்கத்தில் அம்மா. “ஐயோ, அதெல்லாம் இல்ல டாக்டர்.” கைப்பையிலோ பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டிக்கு) எழுதிக்கொடுத்த 21 மாத்திரை அட்டை இருக்கும். பொய் சொல்லவில்லை, அந்தப் பெண்ணுக்கு அது பீரியட்ஸ் மாத்திரை. அட்டையைத் திருப்பிப் பாருங்கள்: எத்தினைல் எஸ்ட்ரடையால் (ஒரு வகை ஈஸ்ட்ரோஜன் ஹார்மோன்) 0.03 அல்லது 0.035 மி.கி. பெயர்தான் வேறு, சரக்கு கருத்தடை மாத்திரையேதான். “ஹார்மோன் மாத்திரை ஏதாவது?” என்று கேட்டிருந்தால் பதில் வந்திருக்கும், கேட்கிறவர்கள் மேலும் தப்பு உண்டு.

இவ்வளவு கறார் ஏன்? தலைவலிக்கு முன் சிலருக்கு ‘ஆரா’ வரும். கண்ணெதிரே வளைந்து நெளிந்து மின்னும் கோடு, மெல்ல விரியும் குருட்டுப் புள்ளி, 5 முதல் 60 நிமிடம் வரை. “கண்ணு மங்குது” என்று மட்டும் சொன்னால் மருத்துவருக்குப் பிடிபடாது. ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. எதை மூடினாலும் கோடு தெரிந்தால் கோளாறு கண்ணில் இல்லை, மூளையில். இந்த ஆரா உள்ளவர்கள் ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை எடுக்கவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் அதை 4ஆம் வகையில் வைத்திருக்கிறது. பயம் பக்கவாதத்தைப் பற்றியது. இளம்பெண்களுக்கு அது அரிதுதான். ஆராவும் ஈஸ்ட்ரோஜனும் சேர்ந்தால் கூடும், சிகரெட்டோ ரத்த அழுத்தமோ சேர்ந்தால் இன்னும் கூடும். ஆரா என்று தெரிந்த அன்றே மகளிர் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். புரோஜெஸ்டின் என்ற வேறு ஹார்மோன் மட்டும் உள்ள மாத்திரை, காப்பர் டி என்று மாற்று வழி இருக்கிறது.

ஆரா இல்லாதவர்களுக்கும் ஒரு சிக்கல்: 21 மாத்திரை முடிந்து 7 நாள் இடைவெளியில் ஈஸ்ட்ரோஜன் சரிந்ததும் தலை பிளக்கும். “புது மாத்திரை வேணும்” என்று கேட்பதற்கு முன் தேதியைப் பாருங்கள்.

தேதி குறிக்காதது

மாதவிடாய்க்கு 2 நாள் முன்பிருந்து 3ஆம் நாள் வரை, மூன்று சுழற்சியில் இரண்டிலாவது வந்தால் அது மாதவிடாய்த் தலைவலி. மற்ற நாள் வலியைவிட நீளும், மாத்திரைக்கு மசியாது. தேதி கையில் இருந்தால், வலிக்குக் காத்திராமல் முன்கூட்டியே சில நாள் நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை எடுக்கலாமா என்று மருத்துவர் முடிவு செய்வார். தேதி இல்லையென்றால் அவரும் ஊகிக்கத்தான் வேண்டும்.

ஆண் என்றால் ‘பித்தம்’

பருவமடையும் வரை பையன்களுக்கும் ஏறக்குறைய சமமாகவே வரும். அதன் பிறகுதான் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்காகிறது. ஆனாலும் வொயிட்ஃபீல்டில் நைட் ஷிஃப்ட் முடித்து வந்து வாந்தியெடுக்கிற ஆளுக்கு வீட்டில் கிடைப்பது எலுமிச்சை ஜூஸ். 4 முதல் 72 மணி நேரம் வலி, வெளிச்சம் ஆகாது, மாடிப்படி ஏறினால் கூடும் என்றால் ஆணுக்கும் அது ஒற்றைத் தலைவலிதான்.

படுக்க முடியாமல் அறைக்குள் நடக்கிறாரா? ஒரே பக்கக் கண்ணில் நீர், 15 நிமிடம் முதல் 3 மணி நேரம் வரை, தினமும் அதே வேளையில்? அது கிளஸ்டர் தலைவலி, ஆண்களுக்கே அதிகம். வலி மாத்திரை வேலை செய்வதற்குள் வலியே போய்விடும். முகமூடி வழியாக ஆக்சிஜன், நிமிடத்துக்கு 12 லிட்டர், 15 நிமிடம்; அதை மருத்துவர் எழுதிக்கொடுக்க வேண்டும்.

மாத்திரை எண்ணாதது

மாதத்தில் பல மருந்து கலந்த கூட்டு வலி மாத்திரையோ டிரிப்டானோ (ஒற்றைத் தலைவலிக்கென்றே உள்ள மாத்திரை) 10 நாள் அல்லது அதற்கு மேல், வெறும் பாரசிட்டமால் என்றால் 15 நாள் அல்லது அதற்கு மேல். மூன்று மாதம் தாண்டி அப்படிப் போனால் மாத்திரையே தலைவலி தரும்.

வால்ப்ரோயேட்

ஒற்றைத் தலைவலி வராமல் தடுக்க எழுதிக்கொடுக்கும் மருந்துகளில் ஒன்று. கர்ப்பம் தரிக்கக்கூடிய பெண்ணுக்கு வேண்டாம்.

ஆரா என்று காத்திருப்பது

60 நிமிடம் தாண்டினாலோ, கை கால் திடீரென விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ 108.