ஓவிய பீரியட்ல நாம பண்ற தப்புங்க, இதயெல்லாம் விட்ருங்க

படம் வரையுங்கடான்னு பேப்பர குடுத்தா ஒன்பதாவதுல பாதிப் பிள்ளைங்க ரெண்டு மலை, நடுவுல சூரியன், கீழ ஒரு ஆறுன்னு போட்டு வைக்கிறாங்க. நம்ம ராமநாதபுரம் கடற்கரையில மண்டபம் ஊர்லருந்து தேவிபட்டினம் வரைக்கும் மலை எங்க இருக்கு? ஜன்னலுக்கு வெளிய பனை நிக்குது, கரையில வல்லம்னு சொல்ற படகு கிடக்குது, அது ஒண்ணும் பேப்பருக்கு வரல. போர்டுல உள்ளத பாத்துப் போடுன்னு நாமதான சின்னதுலருந்து பழக்கி வச்சிருக்கோம், எனக்குத் தெரிஞ்சு பெரிய தப்பே இதான்.

ஒரு நாள் பாறை மீன் ஒண்ணு வாங்கிட்டு வந்து டேபிள்ல வச்சு, அரைமணி நேரம் ரப்பர தொடக்கூடாதுன்னுட்டேன். எல்லாரும் உடம்பு பூரா அரைவட்டம் அரைவட்டமா செதில் போட்டுட்டாங்க, கடைசி பெஞ்சுல ஒரு பையன், அப்பா கடலுக்குப் போறவர், வால்கிட்ட மட்டும் செதில் தடிச்சு முள்ளு மாதிரி வரிசையா நிக்கும்ல, அத அப்படியே வரைஞ்சிருந்தான். சயின்ஸ்ல படம் வரைந்து பாகம் குறின்னு வந்தா பக்கத்த விட்டுட்டுப் போற பையன் அவன்!

பிள்ளை பேப்பர்ல நாம பென்சில வச்சுத் திருத்தவே கூடாது, வேற தாள்ல காட்டுங்க.

பத்தாவது வந்துட்டா ஓவிய பீரியட பிடுங்கி கணக்குக்குக் குடுத்துடுறோம். அந்தக் கணக்குப் பேப்பர்லயே வடிவியலுக்கு 8, வரைபடத்துக்கு (கிராஃப்) 8 மார்க் இருக்கு, சமூக அறிவியல்ல மேப் வேற, கை பழகாத பிள்ளை அங்கதான் தடுமாறுது. அதுக்காக படம் வரைஞ்சா மார்க் தானா ஏறும்னு பெத்தவங்களுக்கு ஆசை காட்டுறதும் தப்புங்க. கலை படிக்கிற பிள்ளைங்க நல்லா படிக்குதுன்னு சொல்ற புள்ளிவிவரத்துல வீட்டு வசதி, டியூஷன் எல்லாம் கலந்து கிடக்கும். ஓவியம் படிச்சு என்ன ஆகப் போறான்னு கேட்டா சென்னையிலயும் கும்பகோணத்துலயும் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்குன்னு சொல்லுங்க, அது உண்மை.

பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கான கலைத் திருவிழா போட்டிக்கு வருசா வருசம் அதே நாலு பேர அனுப்புறதயும் நிறுத்தணும்.

அப்புறம் ராமநாதபுரம் அரண்மனை, ராமலிங்க விலாசம். இங்க ஆண்ட சேதுபதி மன்னர்களோட 18ஆம் நூற்றாண்டு சுவரோவியம், தஞ்சை மராட்டியரோட நடந்த சண்டைகூட சுவத்துல இருக்கு, இவ்வளவு கிட்ட இருந்தும் பாக்காத பிள்ளைங்க எத்தனையோ. கூட்டிட்டுப் போனா சுத்திக் காட்டிட்டு மட்டும் திரும்பிடாதீங்க, ஆளுக்கு ஒரு மூலை, ஒரு குதிரையோ ஒரு தலைப்பாகையோ, உக்காந்து வரையட்டும். அட்டையும் பென்சிலும் போதும்.