தோட்டத்துக்கு வரும் கிளிகளைப் படமெடுக்கும் முறை: தொடக்கநிலையினருக்கு

கிளியைத் துரத்திக்கொண்டு போனால் பெரும்பாலும் பறந்துபோகும் வால்தான் படத்தில் விழும். அது எந்தக் கிளையில் வந்து உட்காரும் என்பதை முன்பே அறிந்து, அந்தக் கிளைக்கு ஏற்ற ஒளியையும் பின்னணியையும் தேர்ந்துகொண்டு காத்திருப்பதே இங்கே விளக்கப்படும் முறை.

1. கேமரா இல்லாமல் ஒரு வாரம்

கிளிகள் வரும் நேரத்தையும் திசையையும் ஒரு வாரம் குறித்துவாருங்கள். விடிந்த பிறகு சில மணி நேரமும், மாலையில் அடையப் போவதற்கு முன்பும் அவை மும்முரமாக இரை தேடும். சூரியகாந்தி முற்றியிருந்தாலும் நேரே அதன்மேல் இறங்கிவிடாமல், அருகிலுள்ள உயரமான கிளையில் அமர்ந்து நாற்புறமும் பார்த்த பின்னரே அவை கீழே வரும். நீங்கள் குறிவைக்க வேண்டியது அந்த முதல் கிளையைத்தான்.

2. உட்காரும் இடம்

காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்குமாறு அமருங்கள். கிளைக்குப் பின்னால் சில மீட்டர் தூரமாவது வெட்டவெளியாக இருந்தால் பின்னணி மங்கலாகி, பச்சைக் கிளி பச்சை இலைகளுக்குள் கரைந்துபோகாமல் தனித்துத் தெரியும். திறந்த சன்னலுக்குள், திரைச்சீலை மறைவில் அமர்வது மிகவும் வசதியானது.

3. கேமரா அமைப்புகள்

300 அல்லது 400 மி.மீ. லென்ஸ் போதுமானது. அமர்ந்திருக்கும் கிளிக்கு ஷட்டர் வேகம் நொடியில் 1/500, பறக்கும் கிளிக்கு 1/2000 என வைத்துக்கொண்டு, ஐஎஸ்ஓவை (ஒளிக்குக் கேமரா காட்டும் உணர்திறனின் அளவு) தானியங்கி முறையில் விடுங்கள். சற்றே இரைச்சல் புள்ளிகள் கூடினாலும், அசைந்து குழம்பிய படத்தைவிட அது எவ்வளவோ மேல்.

தொடக்கத்தில் பலரும் தடுமாறுவது ஒளி அளவீட்டில்தான். கிளிக்குப் பின்னால் கருநிழல் நிறைந்திருந்தால் கேமரா ஒளியைக் கூட்டிவிடும். சிவந்த அலகும் இளம்பச்சை மார்பும் வெளுத்துப்போகும். அப்போது எக்ஸ்போஷர் ஈடுசெய்தலில் (கேமரா தானாகக் கணித்த ஒளி அளவைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் அமைப்பு) மூன்றில் இரண்டு படி (-2/3 ஸ்டாப்) குறையுங்கள். வெளிறிய வானம் பின்னணியானால் கிளி கருநிழலாகிவிடும் என்பதால், ஒரு படி கூட்டுங்கள்.

4. ஃபோகஸும் சட்டகமும்

ஒற்றைப் புள்ளி ஃபோகஸைத் தேர்ந்து, அதைக் கிளியின் கண்மேல் வையுங்கள். பரந்த ஃபோகஸ் முன்னாலிருக்கும் இலையைப் பற்றிக்கொள்ளும். நாம் படமெடுக்கும் பச்சைக் கிளியான செந்தார்ப் பைங்கிளியின் மொத்த நீளம் ஏறத்தாழ 40 செ.மீ. என்றால் அதில் பாதிக்கு மேல் வாலே இருக்கும். முகத்தை மட்டும் பார்த்துச் சட்டகம் அமைத்தால் வாலின் நுனி வெட்டுப்படும். எனவே கீழ்ப்புறம் தாராளமாக இடம் விடுங்கள். வளர்ந்த ஆணின் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் கலந்த வளையம் இருக்கும். பக்கவாட்டுக் கோணத்தில் அது முழு அழகோடு தெரியும்.

5. காத்திருக்க வேண்டிய தருணம்

கிளியின் பாதத்தில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் இருப்பதால், அது ஒரு காலில் நின்றபடியே மறு காலால் உணவைப் பிடித்து வாயருகே கொண்டுபோகும். விதையை அலகின் நுனியில் நிறுத்தி, தடித்த நாக்கால் மெல்ல உருட்டித் தோலை உரித்துக் கீழே உதிர்க்கும் அந்தச் சில நொடிகள்தான் எனக்கு எப்போதும் பிடித்த தருணம். காலைத் தூக்கும்போதே தொடர் படப்பிடிப்பைத் தொடங்குங்கள். தூக்கிய கால் முகத்தை மறைக்காத படங்களை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

6. எப்போது நிறுத்துவது

ஃப்ளாஷ் வேண்டாம், முட்டையோ குஞ்சோ இருக்கும் மரப்பொந்தை நெருங்கவும் வேண்டாம். தின்பதை நிறுத்தி, இறகுகளை உடலோடு இறுக்கி, கழுத்தை நீட்டி உங்களையே பார்த்தால் கிளி மிரண்டுவிட்டது என்று பொருள். அப்போது கேமராவை மெல்லத் தாழ்த்திவிட்டு, அது மீண்டும் தின்னத் தொடங்கும்வரை அசையாமல் இருங்கள்.