ஃபோர்டு மாடல் டி கார்புரேட்டர்: ஊசியைத் திருகும் முன்

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை சுமார் ஒன்றரைக் கோடி மாடல் டி கார்களைத் தயாரித்தது. பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டரைக் கற்கத் தொடங்குபவருக்கு அதைவிட நல்ல ஆசான் இல்லை என்பேன். பெட்ரோல் மட்டம் ஏறியதும் வரத்து வால்வை மூடும் ஒரு மிதவை, பெட்ரோல் வெளிவரும் சிறு துளையான ஒரு ஜெட், ஜெட்டின் வாயைக் கூட்டிக் குறைக்கும் ஓர் ஊசி, அவ்வளவுதான். பெட்ரோல் பம்பு கூடக் கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் இருக்கைக்கு அடியில் உள்ள தொட்டியிலிருந்து பெட்ரோல் தானாக இறங்கி வருகிறது. இங்கே இந்த வண்டிகளில் வந்த ஹோலி என்ஹெச் என்ற கார்புரேட்டர் வகையை வைத்துச் சொல்கிறேன்.

எஞ்சின் தடுமாறினால் கை நேராக ஊசிக்குப் போகும். தயவுசெய்து அங்கே கடைசியாகப் போங்கள்.

முதலில் பெட்ரோல் வரத்து. எஞ்சின் ஆறியிருக்கட்டும்; அருகில் நெருப்பு வேண்டாம். கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயை ஒரு டப்பாவுக்குள் திறந்துவிடுங்கள். சீராக ஓடினால் நல்லது. முதலில் நன்றாக வந்து, பிறகு இளைத்துப்போனால் தொட்டிக்குக் கீழேயுள்ள வண்டல் கிண்ணத்தின் வலை அடைத்திருக்கும். அல்லது தொட்டி மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கும்.

கார்புரேட்டர் ஓயாமல் வழிகிறதா? மிதவையைக் கழற்றிப் பாருங்கள். பழைய மிதவை அரக்கு பூசிய தக்கை. எத்தனால் அந்த அரக்கைக் கரைத்துவிடும். தக்கை பெட்ரோலைக் குடித்து மூழ்கும், வரத்து வால்வு மூடாது. இந்தியாவில் இப்போது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பரவலாக விற்பதால், எத்தனாலைத் தாங்கும் மிதவையையே போடுங்கள்.

அடுத்து, நான்கில் ஒரு சிலிண்டர் மட்டும் எப்போதும் வேலை செய்யவில்லை என்றால் கார்புரேட்டரைக் குறை சொல்லாதீர்கள். நான்குக்கும் கலவை தருவது அது ஒன்றுதான். தீப்பொறி தரும் காயில், டைமர், பிளக் ஆகியவற்றைப் பாருங்கள்.

இவை சரியென்றால் ஊசிக்கு வரலாம். அதை மெதுவாக, தட்டும்வரை மட்டும் மூடுங்கள். அழுத்தி முறுக்கினால் ஊசியின் முனையில் வடு விழும். அதன்பின் நுட்பமாகச் சரிசெய்யவே முடியாது. பிறகு ஒன்றே கால் சுற்று திறந்து, எஞ்சினை ஓட்டி நன்றாகச் சூடேற்றுங்கள். இப்போது எஞ்சின் விட்டுவிட்டு ஓடத் தொடங்கும்வரை ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாக மூடுங்கள். அங்கிருந்து எதிர்ப்பக்கம் திருப்பி, வேகம் உச்சத்தை எட்டும் இடத்தில் நிறுத்துங்கள். புகைக்குழாயில் கரும்புகை வந்தால் பெட்ரோல் அதிகம். கார்புரேட்டர் வழியே தும்மினால் குறைவு.

ஊசியை எவ்வளவு திறந்தாலும் தும்மல் நிற்கவில்லையா? கார்புரேட்டரிலிருந்து சிலிண்டர்களுக்குக் கலவையைக் கொண்டுபோகும் குழாயான இன்டேக் மேனிஃபோல்டின் இணைப்பில் காற்று புகுகிறது. இணைப்பின் மேல் சிறிது எஞ்சின் ஆயில் விடுங்கள். ஓட்டம் மாறினால் இணைப்பை அடைக்கும் கேஸ்கட் போய்விட்டது என்று பொருள்.

வண்டியை நிறுத்தியதும் தொட்டியின் குழாயை மூடிவிடுங்கள். வரத்து வால்வு லேசாகக் கசிந்தாலும், இரவு முழுவதும் பெட்ரோல் தரையில் சொட்டிக்கொண்டிருக்கும்.